வெட்பாலையும் வளர்ப்புத் தட்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் அடிவாரத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்தது ஆறு. ஆற்றுக்குப் பெயர் தந்தவை கற்கள். தேங்காய் போலவும் நெல்லிக்காய் போலவும் உருண்டு திரண்டு, கால் வைத்தால் வழுக்கும் கற்கள். மேலே மலையில் மழை பெய்வது கீழே வெயிலில் குளிப்பவனுக்குத் தெரியாது. திடீரென்று வெள்ளம் வந்து ஆளைக் கொண்டு போய்விடும். ஆகவே மாசி, பங்குனியில்தான் அங்கே போக வேண்டும் என்பது நம் வீட்டு விதி. சென்ற ஆண்டு மாசியில் போயிருந்தோம். நாமும் நம் இல்லாளும், தமையனாரும் மதினியும், தங்கை மகளுமாக ஐவர். போனது நீராடுவதற்கன்று.

சங்கத்து அன்பர்களில் பலருக்கு நம் தமையனாரைத் தெரியும். பொங்கல் விழாவில் பந்தியின் முன் நின்று, போதும் போதும் என்று கையை மறைப்பவர் இலையிலும் ஒரு கரண்டி சோற்றை வைத்துவிட்டுப் போகிறவர் அவரே. ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. இங்கும் அவ்வாறே எழுதுகிறோம்.

நம் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்குக் கணக்கெழுத வந்தவர். அந்நாளில் அவ்வாறு மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. லயத்தில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வளர்ந்தோம். அண்ணாச்சிக்கு 15 வயது வரையில் செருப்பு என்பது திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் பொருள். அட்டை கடித்த தழும்பும் முள் தைத்த வடுவுமாக இருந்த அந்தப் பாதத்தில், இடது குதிகாலில், ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியபோது அதை யார் பொருட்படுத்தப் போகிறார்கள்? நிலக்கடலைப் பருப்பளவில் இருந்தது, இரண்டாண்டில் ஒரு ரூபாய்க் காசளவு ஆயிற்று. ஒரு பக்கம் பழுப்பு, மறு பக்கம் மைக்கறுப்பு. ஓரமோ ஒற்றுத்தாளில் மை பரவியது போல். காட்டிய இடத்தில் கால் ஆணி என்றார்கள். ஆணிக்குரிய பட்டையை ஒட்டி அனுப்பினார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. எட்டு மாதம் அதில் கழிந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

அதைக் கண்டுபிடித்தவள் தங்கை மகள். அவள் இந்நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்ததைப் பார்த்தவள், பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தாள். மறுநாளே தோல் நிபுணரிடம் இழுத்துச் சென்றாள். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். உள்ளங்காலின் ரேகைகளில் மேடும் பள்ளமும் உண்டு. சாதாரண மச்சத்தில் கறுப்பு பெரும்பாலும் பள்ளத்தோடு ஓடும், மேட்டோடு ஓடினால் ஐயுற வேண்டும் என்பது ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த விதியாம். அண்ணாச்சியின் காலில் மேட்டோடு ஓடியது. துளி தசையை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் பிறக்கும் புற்று. வெள்ளையருக்கு வெயிலால் வரும் நோய் என்றே நாம் அதுவரை எண்ணியிருந்தோம். நம்மவர்க்கு அது அரிது. வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. அன்பர்கள் இன்றிரவு படுக்குமுன் தத்தம் பாதங்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டால் நமக்கு மகிழ்ச்சி.

ஆழம் 1.6 மில்லிமீட்டர். இந்நோயில் அகலத்தைவிட ஆழமே ஆயுளைச் சொல்லும் என்று 1970-இல் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர் காட்டினார். இன்றும் அவர் பெயராலேயே அளக்கிறார்கள். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து மூட வேண்டும். இடுப்பு மடிப்பில் முதல் நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் அண்ணாச்சி மறுத்தார்.

காரணம் கைப்பேசியில் வந்த ஒரு செய்தி. வெட்பாலை இலை மெலனோமாவைக் கொல்கிறது என்று திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்களாம். பிறகு எதற்குக் கத்தி? செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் நம் வேலை எளிதாக இருந்திருக்கும். அது பாதி மெய். இந்நகரத்து ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெட்பாலை இலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சாரம், தட்டில் வளர்த்த மெலனோமா அணுக்களை அழித்தது. எலிகளிலும் நோய் பரவுவதைத் தடுத்தது. வெட்பாலையோ நமக்கு அந்நியமான மரமன்று. இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். காளாஞ்சகப் படைக்கு அதைத் தடவாத சித்த வைத்தியர் இல்லை. அண்ணாச்சி இரண்டு போத்தல் தயாரித்துக் காலில் பூசவும் தொடங்கிவிட்டார்.

போதாக்குறைக்கு மதினியின் உறவினர் ஒருவர் கல்லாற்றை நினைவூட்டினார். அங்கே காட்டுக்குள் காணி மக்களின் குடியிருப்பு உண்டு. 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இலட்சுமிக்குட்டி அம்மையாரின் ஊர் அது. 500 மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர், விஷக்கடிக்குப் பேர் பெற்றவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனம் ஆறும் என்றார் மதினி. காணி மக்களின் மருந்தறிவை இளக்காரமாகப் பேசுவது நம் வழக்கமன்று. அவர்கள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சையைக் கொண்டு பாலோட்டுத் தாவரத் தோட்டத்தார் மருந்து செய்து, வருவாயில் அம்மக்களுக்கும் பங்கு தந்ததை உலகமே பேசிற்று. ஆனால் நாள் கடந்துகொண்டிருந்தது. போகிற வழியில் ஆற்றங்கரையில் கட்டுச்சோறு உண்பது என்றும், தங்கை மகளும் உடன் வருவது என்றும் நாம் ஒரு சூழ்ச்சி செய்தோம்.

அதற்கு ஓராண்டு முன்னர், அவள் ஆய்வுக்கூடத்தை நாம் ஒருமுறை பார்த்திருந்தோம். சிறிய பீரோ போன்ற இன்குபேட்டர். உள்ளே எப்போதும் 37 டிகிரி வெப்பம், நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமில வாயு. தட்டுகளில் இளஞ்சிவப்பு நீர். அதுவே அணுக்களுக்குச் சோறும் தண்ணீரும். பி16 என்னும் எலி மெலனோமா. 1954-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஒரு கறுப்பு எலியின் தோலில் தோன்றிய கட்டியின் வழித்தோன்றல். எலி மாண்டு எழுபதாண்டாகியும் அதன் புற்று உலகமெங்கும் பெருகிக்கொண்டிருக்கிறது. ஒரே குடுவையிலிருந்து பிரித்து இரண்டு தட்டில் இட்டிருந்தாள். ஒன்றின் அணுக்கள் சுழற்றி அடியில் படியவைத்தபோது உளுந்து போல் கறுத்திருந்தன. மற்றதன் அணுக்கள் தயிர் போல் வெளுத்திருந்தன. ஏதோ மருந்து கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தோம். மருந்து ஒன்றுமில்லை, ஊட்டநீர் வேறு, அவ்வளவே. கறுப்பு நிறமியை அணுக்கள் டைரோசின் என்னும் பொருளிலிருந்து செய்கின்றன. ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தும் இருவகை ஊட்டநீரில் ஒன்றில் அது மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு மிகுதி. நிறம் மட்டுமா மாறுகிறது? நிறமி மிகுந்த அணுக்கள் கதிர்வீச்சுக்கும் சில மருந்துகளுக்கும் எளிதில் மசிவதில்லை. ஆகவே ஒருவர் கொன்றேன் என்பார், மற்றவர் சாகவில்லை என்பார். இருவரும் உண்மையே சொல்லக்கூடும்.

கல்லாற்றங்கரையில் கற்களின் மேல் அமர்ந்து புளியோதறையைப் பிரித்தபோது அண்ணாச்சியே பேச்சைத் தொடங்கினார்.

“ஏ மக்களே, உங்கள் தட்டில் செத்தது என் காலில் சாகாதா? அதுவும் புற்று, இதுவும் புற்றுதானே?”

அவள் உடனே மறுக்கவில்லை. அதுதான் அவளிடம் நமக்குப் பிடித்தது.

“தட்டில் அது செத்தது மெய்தான் மாமா. அந்தத் தட்டில் அது எப்படி வாழ்ந்தது என்று கேளுங்கள். உங்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை எவ்வளவு?”

“நூற்றுப்பத்து. மாத்திரை போட்டு.”

“நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஊட்டநீரில் அந்தக் கணக்குக்கு 450.”

அண்ணாச்சி கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார். சர்க்கரைக் கணக்கு அவருக்கு அத்துபடி. 450 என்றால் மருத்துவமனையில் படுக்க வைத்துவிடுவார்கள் என்பது தெரியும்.

“காற்றும் அப்படித்தான். இன்குபேட்டருக்குள் ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவுக்குப் பிராணவாயு இருக்கும். நூற்றுக்கு இருபது பங்குக்குச் சற்றுக் குறைவு. தோலுக்குள் பத்துக்கும் குறைவு. கட்டியின் நடுவிலோ ஒன்றோ இரண்டோ. பிராணவாயு குறைந்தால் மெலனோமா வேறு முகம் காட்டும். நன்றாகச் சாப்பிட்டு அங்கேயே பெருகும் முகம் ஒன்று, பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து வேறிடம் போகும் முகம் ஒன்று. மூச்சுமுட்டும் இடத்தில் அந்த ஊர்கிற முகம் வருகிறது. இந்த அணுக்கள் உடலுக்குள்ளேயே ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு மாறிக்கொள்கின்றன என்று 2008-இல் சூரிக் நகரத்தார் எலிகளில் காட்டினார்கள். நாங்கள் தட்டில் வளர்ப்பதோ பெரும்பாலும் பெருகும் முகத்தை. அதைக் கொல்வது எளிது.”

தட்டின் தரை தட்டையானது என்றாள் பிறகு. உடலில் அணுவுக்கு நாற்புறமும் மேலும் கீழும் பிடிமானம் உண்டு. பிளாஸ்டிக்கில் அது வறட்டி போல் பரந்து ஒட்டிக்கொள்கிறது. அதே அணுவை உருண்டையாகத் திரள வைத்து வளர்த்தால் தட்டையில் சாகும் அளவு மருந்துக்குப் பெரும்பாலும் சாவதில்லை. மருந்து உருண்டையின் உள்ளே எட்டுவதும் அரிது.

இதற்கு மேல் அவள் சொன்னது அண்டை அயலைப் பற்றியது. நம் மனத்தில் ஆழமாகத் தைத்ததும் அதுவே. நம் தோலில் ஒரு நிறமி அணு தனியாக இருப்பதில்லை. சுமார் 36 தோலணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவற்றின் நடுவே அமர்ந்து, நீண்ட கிளைகளால் நிறத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அண்டையிலுள்ள தோலணுக்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. எப்போது பெருக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிடியில் அடங்கியது. பிலடெல்பியா விஸ்டார் நிலையத்தில் மீன்ஹார்ட் ஹெர்லின் என்பவரும் உடனிருந்தோரும் தோலையே ஆய்வுக்கூடத்தில் அடுக்கடுக்காகக் கட்டி இதைக் கண்டார்கள். மெலனோமா அணு அந்தப் பிடிக்குரிய கொக்கியை உதிர்த்துவிட்டே வெளியேறுகிறது. இன்னும் விந்தை, 2006-இல் மனித மெலனோமா அணுக்களைக் கோழிக் கருவில் வைத்தார்கள். நிறமி அணுக்களின் மூதாதையர் பிறந்து பயணப்படும் இடத்தில், அந்தப் பருவத்தில் வைத்தார்கள். அவை கட்டி கட்டவில்லை. கருவின் சொந்த அணுக்கள் நடந்த தடத்திலேயே அடக்கமாக நடந்து போயின.

“அப்படியென்றால் நல்ல இடத்தில் விட்டால் திருந்திவிடுமா?” என்றார் மதினி.

“கருவின் சூழ்நிலை வேறு, அத்தை. மாமாவின் குதிகாலில் அந்த அயலார் இல்லை. கெட்ட அயலாரும் உண்டு. 2011-இல் ஒரு நல்ல மாத்திரை வந்தது. தட்டில் பார்த்தால் அற்புதம். நோயாளியிடம் சில மாதம் கேட்டுவிட்டு நோய் திரும்பிற்று. ஏன் என்று தேடியதில், கட்டியைச் சுற்றியுள்ள சாதாரண அணுக்களே ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரந்து புற்றுக்கு அடைக்கலம் தருகின்றன என்று 2012-இல் இரண்டு குழுவினர் கண்டார்கள். அந்த அயலாரைத் தட்டில் சேர்த்து வளர்த்த பின்னர்தான் அது தெரிந்தது. அது மட்டுமே காரணமன்று. ஆனாலும் தனியாக வளர்த்தவரையில் அந்தக் காரணம் யார் கண்ணிலும் படவில்லை.”

இவ்விடத்தில் நாமும் ஒரு சந்தேகம் கேட்டோம். எலியில் பார்த்தாயிற்றே, எலி உடல்தானே என்றோம். அவள் மிச்சிகன் பல்கலைக்கழகக் கதையைச் சொன்னாள். மனித மெலனோமா அணுக்களில் பல லட்சத்தில் ஒன்றுதான் புதுக்கட்டி கட்ட வல்லது என்று எலிச் சோதனைகளால் நம்பியிருந்தார்கள். ஷான் மாரிசன் என்பவரின் குழு 2008-இல் எதிர்ப்பாற்றல் இன்னும் குறைந்த எலியை எடுத்து, அணுக்களோடு பிடிமானக் கூழும் சேர்த்து இட்டு, கூடுதல் காலம் காத்திருந்தது. நான்கில் ஒன்று கட்டி கட்டியது! இட்ட அணு அதே மனித அணு. மாறியது எலியும் கூழும் பொறுமையும். பல லட்சத்தில் ஒன்று எங்கே, நான்கில் ஒன்று எங்கே! நமக்கு ஆற்று நீரின் குளிர்ச்சி அப்போதுதான் காலில் உறைத்தது.

இன்னொன்றும் சொன்னாள், இது வம்பு போல் சுவையானது. 1976-இல் ஒரு பெண்மணியின் மார்புப் புற்றிலிருந்து எடுத்ததாக நம்பி உலகெங்கும் வளர்த்த 435 என்னும் அணுவினம், 2000-க்குப் பின் ஆராய்ந்ததில் மெலனோமா என்று தெரிந்தது. எங்கோ எப்போதோ தட்டு மாறிப் போயிருக்கிறது. அதைக் கொண்டு மார்புப் புற்றைப் பற்றி எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில்! படித்தவர்கள் கூடத்திலும் பிள்ளை மாறுவது உண்டு போலும்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “அப்படியானால் உங்கள் தட்டுகளால் பயனே இல்லையா? பிறகு ஏன் இத்தனை பணமும் படிப்பும்?”

“பயன் இல்லாமல் என்ன? எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று முதல் சல்லடை தட்டில்தான். அந்த வெட்பாலை ஆய்வை நான் குறை சொல்லவில்லை, நல்ல ஆய்வு. ஆனால் அதை எழுதியவர்களே மேலும் ஆராயத்தக்க மருந்து என்றுதான் முடித்தார்கள். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அன்று அது. அந்தச் சாரத்தை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் இறக்கிப் பிரித்தெடுத்தார்கள். தேங்காயெண்ணெயில் ஊறியது அதுவாகாது. அது வரட்டும், மாமா. அது வரும்வரை உங்கள் கால் காத்திருக்காது. 1.6 என்பது 4 ஆனால் நானே உங்களிடம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் சற்று உடைந்தது. ஆய்வு மாணவியின் குரலன்று அது. மாமன் தோளில் ஏறித் திருவிழா பார்த்த பிள்ளையின் குரல்.

நெடுநேரம் யாரும் பேசவில்லை. அண்ணாச்சி இடது காலை நீரிலிருந்து தூக்கி, குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். ஊதா எண்ணெய்ப் பூச்சு நீரிலும் முழுதும் போகவில்லை. பிறகு மதினியை நோக்கி, “மேலே போக வேண்டாம். அந்த அம்மாவை இன்னொரு நாள் நல்ல காரியமாய்ப் பார்க்க வருவோம்,” என்றார். காணிக் குடியிருப்புக்குச் செல்லும் பாதையில் நாங்கள் அன்று ஏறவில்லை. புளியோதறையில் பாதி மிஞ்சிற்று. அதைக் குரங்குகள் கவனித்துக்கொண்டன.

அடுத்த வாரமே அறுவை நடந்தது. விளிம்பில் நோய் இல்லை. நிணநீர்க் கணுவிலும் இல்லை என்று வந்த தாளை மதினி பூசை அறையில் விபூதித் தட்டின் அடியில் வைத்திருக்கிறார். தொடைத் தோல் குதிகாலில் ஒட்ட இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இவ்வாண்டுப் பொங்கல் பந்தியில் அண்ணாச்சி பரிமாறவில்லை. நாற்காலியில் அமர்ந்து, யார் இலையில் என்ன இல்லை என்று கூவிக்கொண்டிருந்தார். வெட்பாலை எண்ணெயின் இரண்டாவது போத்தல் அடுத்த வீட்டுக்காரரின் முழங்கைப் படைக்குப் போயிற்று, குணம் தெரிகிறதாம்.

அறுவைக்கு முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். எடுத்த கட்டியில் சோதனைக்குப் போக மிஞ்சிய துண்டை ஆராய்ச்சிக்குத் தர இசைவா என்று. அண்ணாச்சி தமிழிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அத்துண்டு தங்கை மகளின் தோழி பணிபுரியும் கூடத்துக்குப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி ஆவலோடு விசாரித்தார். உள்ளங்கால் மெலனோமா தட்டில் எளிதில் பிடிப்பதில்லை என்றும், பிராணவாயுவைக் குறைத்தும் ஊட்டநீரை மாற்றியும் பார்க்கிறார்கள் என்றும், இன்னும் ஒட்டவில்லை என்றும் அவள் சொன்னாள்.

“இரண்டு வருஷம் என் காலில் ஒன்றும் கேட்காமல் வளர்ந்தது. உங்களிடம் வந்ததும் பத்தியம் கேட்கிறதோ?” என்றார் அண்ணாச்சி.